ஸ்கோபஸ் இல்லாமல் நர்சிங் கல்வி ஆய்வு வரைபடம்: உதவி தேவை

எல்லாருக்கும் வணக்கம். எம்.எஸ்சி. நர்சிங் இரண்டாம் வருஷம் படிக்கிறேன். நர்சிங் கல்வியில் சிமுலேஷன் (நிஜ நோயாளிக்குப் பதில் செயற்கைச் சூழலில் பயிற்சி) பற்றி 2015 முதல் 2024 வரை வந்த கட்டுரைகளில் எந்தத் தலைப்பு வளருது, யார் யாரை மேற்கோள் காட்டுறாங்கன்னு பார்ப்பதுதான் என் தீசிஸ்.

மேற்கோள் விவரத்தோட கட்டுரைகளைத் தேடித் தர்ற கட்டணத் தரவுத்தளங்களான ஸ்கோபஸும் வெப் ஆஃப் சயின்ஸும் எங்க காலேஜில் இல்லை. இலவச மருத்துவக் கட்டுரைத் தரவுத்தளமான பப்மெட்டில் எடுத்ததை, சொற்களின் தொடர்பை வரைபடமாக்கும் வோஸ்வியூவர் மென்பொருளில் போட்டேன். வரைபடம் வந்தது. நடுவில் கொழுத்த வட்டமா நிற்பது 'ஹியூமன்ஸ்'! பக்கத்திலேயே 'ஃபீமேல்', 'மேல்'. பப்மெட்டில் கட்டுரைகளுக்கு ஒட்டும் பொதுவான தலைப்புச் சொற்கள் (மெஷ்) மொத்தமும் உள்ளே வந்துடுச்சு. எனக்கு வேண்டிய 'டீப்ரீஃபிங்' (பயிற்சி முடிஞ்சதும் நடக்கும் கலந்துரையாடல்) ஓரத்தில் கடுகளவு. கட்டுரை எழுதினவங்களே தர்ற ஆத்தர் கீவேர்டு மட்டும் எடுக்கலாம்னா, பல கட்டுரைகளில் அது காலி. தெசாரஸ் ஃபைல் (எந்தச் சொல்லை எதுவா மாத்தணும்னு சொல்லும் பட்டியல்) போட்டு வேண்டாததை நீக்கலாமாம். 'ஸ்டூடண்ட்ஸ், நர்சிங்', 'நர்சிங் ஸ்டூடண்ட்ஸ்' ரெண்டையும் ஒண்ணாக்கவும் அதுதானாம். யாராவது செஞ்சு வச்சிருந்தா ஒரு மாதிரி ஃபைல் தர முடியுமா?

பெரிய கவலை வேற. பப்மெட் ஃபைலில் மேற்கோள் பட்டியலே வராது. அதனால் கோ-சைட்டேஷன் (எந்தக் கட்டுரைகளைச் சேர்த்தே மேற்கோள் காட்டுறாங்கன்னு) பார்க்க வழியில்லை. டைமென்ஷன்ஸ் இலவசப் பதிப்பு, ஓப்பன்அலெக்ஸ்னு வேற தரவுத்தளங்கள் இருக்கு, இதில் எதை வச்சு தீசிஸ் முடிச்சீங்க? வைவாவில் "ஏன் ஸ்கோபஸ் இல்லை?"னு மடக்கினாங்களா?

எச்-இண்டெக்ஸ் (ஒருத்தரோட எத்தனை கட்டுரைக்கு எத்தனை மேற்கோள் வந்ததுன்னு பார்த்துத் தர்ற எண்) அட்டவணை போட்டாலே போதும்னு கைடு மேடம் சொல்றாங்க. எனக்கு மனசு ஒப்பலை. மேற்கோள் சேர வருஷங்கள் ஆகும். 2023-இல் வந்த நல்ல கட்டுரை அதில் அடிபட்டுப் போயிடும். நம்ம ஊர் நர்சிங் இதழ்கள் பலதும் அந்தக் கணக்குக்குள்ளேயே வராது.

இதைச் செஞ்சு முடிச்ச அக்கா, அண்ணன்மார் யாராவது இருந்தா சொல்லுங்க. இந்த மாசக் கடைசியில் சினாப்ஸிஸ் கொடுக்கணும்.