கெபாசிட்டர் மாற்றிய பிறகு சூடேறத் தொடங்கிய மின்விசிறி

மின்விசிறி மோட்டார் சூடாகிறது என்று சொன்னால், கெபாசிட்டரை மாற்றிப் பாருங்கள் என்பதுதான் பெரும்பாலும் கிடைக்கும் முதல் பதில். அதில் தவறில்லை, நாள்பட்ட கெபாசிட்டரின் கொள்ளளவு குறையக் குறைய, மோட்டாரின் முறுக்குவிசை தளர்ந்து, விசிறி மந்தமாகச் சுற்றிச் சூடாவதும் உண்டு. எங்கள் கூடத்து விசிறியோ கெபாசிட்டரை மாற்றிய பிறகுதான் சூடேறத் தொடங்கியது.

வேகம் போதவில்லை என்று ஒருவரை வரவழைத்தோம். "பெரிய கெபாசிட்டராகப் போட்டிருக்கிறேன் சார், இனிப் பறக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனார். விசிறியும் பறக்கத்தான் செய்தது. சில வாரங்கள் கழித்து, நீண்ட நேரம் ஓடிய விசிறியை நிறுத்தித் தூசி துடைக்க ஏறியபோது, மோட்டாரின் மேல்மூடியில் கையை வைத்திருக்க முடியவில்லை; லேசான வார்னிஷ் வாடையும் வந்தது. எழுபது, எண்பது வாட் எடுக்கும் சாதாரண விசிறியில் அந்த மின்சாரத்தின் பெரும்பகுதி வெப்பமாகவே வீணாவதால், வெளிமூடி வெதுவெதுப்பாக இருப்பது இயல்பு. ஆனால் சில நொடிகள்கூடக் கை தாங்காவிட்டால் வெளிப்புறமே ஏறத்தாழ 60 டிகிரியை எட்டிவிட்டது என்று கொள்ளலாம். உள்ளே இருக்கும் காயில் (செம்புக் கம்பிச் சுருள்) அதைவிடச் சூடாகவே இருக்கும்.

மெயினை அணைத்துவிட்டு இறக்கையைக் கையால் சுற்றிவிட்டேன். கரகரப்பின்றிச் சுழன்று மெல்ல நின்றதால் பேரிங் மீது சந்தேகம் எழவில்லை. காற்றுத் துளைகளை அடைத்திருந்த தூசியை நீக்கினேன். மின் அலையை நறுக்கிக் கொடுக்கும் எலெக்ட்ரானிக் ரெகுலேட்டர்களாலும் மோட்டார் முனகிச் சூடாகும் என்பதால் (விளக்குக்கான டிம்மரை விசிறிக்கு மாட்டுகிறவர்களும் இருக்கிறார்கள்!) ரெகுலேட்டரை விலக்கி நேரடி இணைப்பில் ஓடவிட்டும் பார்த்தேன்; சூடு குறையவில்லை.

கையை நம்புவதைவிடக் காயிலையே கேட்டுவிடலாம் என்று தோன்றியது. செம்புக் கம்பியின் மின்தடை வெப்பத்தோடு சீராக ஏறும். அறை வெப்பநிலையில் ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ 0.39 சதவீதம். விசிறி முழுவதும் ஆறியிருந்தபோது, அறை 30 டிகிரியில், கெபாசிட்டரைக் கழற்றி, மோட்டாரின் இரண்டு காயில்களில் கெபாசிட்டரோடு இணைந்த ஸ்டார்டிங் காயிலை மல்டிமீட்டரில் அளந்தேன்: 240 ஓம். நெடுநேரம் ஓடவிட்டு, மெயினை அணைத்து, கெபாசிட்டரில் தேங்கிய மின்னேற்றத்தை ஒரு ரெசிஸ்டர் வழியாக இறக்கிவிட்டு உடனே அளந்தபோது 310 ஓம். கணக்கிட்டால் காயிலின் சராசரி வெப்பநிலை சுமார் 107 டிகிரி வருகிறது. ஆறுவதற்குள் அளந்துவிட வேண்டும். தாமதித்தால் அளவு ஏமாற்றும். பி வகுப்புக் காப்பிடல் (காயில் கம்பிகளுக்கிடையே மின்சாரம் கசியாமல் தடுக்கும் உறை) 130 டிகிரி வரை தாங்கும் என்றாலும், காயிலில் சராசரியைவிடச் சூடான இடங்கள் இருக்கும். கூடுகிற ஒவ்வொரு பத்து டிகிரிக்கும் காப்பிடலின் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகும் என்பது மோட்டார் துறையில் நெடுங்காலமாக வழங்கும் கணக்கு.

கழற்றிய கெபாசிட்டரில் 4 மைக்ரோஃபாரட் (கொள்ளளவின் அலகு) என்று அச்சிட்டிருந்தது. விசிறியின் விவரச்சீட்டு கேட்பதோ 2.5. இந்த மோட்டார்களில் கெபாசிட்டர் ஸ்டார்டிங் காயிலோடு தொடராக இணைந்து, ஓடும் நேரம் முழுவதும் மின்சுற்றிலேயே இருக்கிறது. ஆகையால் அதன் அளவைக் கூட்டினால், வேகம் சற்று ஏறினாலும், மெல்லிய கம்பியால் சுற்றப்பட்ட அந்தக் காயில் தனக்கு விதித்ததைவிட அதிக மின்னோட்டத்தை இடைவிடாமல் சுமக்க நேர்கிறது. மின்னோட்டம் ஒன்றரை மடங்கானால் வெப்பம் இரண்டேகால் மடங்காகும். முதலில் வேகம் குறைந்ததற்குப் பழைய கெபாசிட்டர் தளர்ந்ததே காரணமாக இருந்திருக்க வேண்டும். அதே அளவில் புதியதைப் போட்டிருந்தாலே போதும்.

2.5 மைக்ரோஃபாரட், 440 வோல்ட் கெபாசிட்டரை மாட்டி அதே முறையில் அளந்தபோது, சூடான காயில் 282 ஓம் காட்டியது. அதாவது சுமார் 76 டிகிரி. வேகம் மிகச் சிறிதளவே குறைந்தது, வாடை நின்றுவிட்டது. காயிலுக்கும் மோட்டார் உடலுக்கும் இடையே மின்தொடர்பு ஏதும் இல்லை என்பதையும் மல்டிமீட்டரில் பார்த்துக்கொண்டேன். ரீவைண்டிங் செய்த, அதாவது காயிலைப் புதிதாகச் சுற்றிய விசிறி என்றால் இந்தச் சோதனைகளோடு நிற்க வேண்டாம். சுற்று எண்ணிக்கை குறைந்திருந்தால் இரும்பகம் காந்தச் செறிவடைந்து (அதற்கு மேல் காந்தப் புலத்தை ஏற்க முடியாத நிலையை எட்டி), கெபாசிட்டர் சரியாக இருந்தாலும் மோட்டார் கொதிக்கும்.