ஹூஸ்டனில் மகனை எந்தப் பள்ளியில் சேர்ப்பது? வெள்ளிக்கிழமைக்குள் முடிவெடுக்க வேண்டும்

சத்துவாச்சாரி தந்தை:
அனைவருக்கும் வணக்கம். வேலூரிலிருந்து ஹூஸ்டனுக்கு வந்து பதினோரு நாள்கள் ஆகின்றன. என் மனைவி செவிலியர். டெக்சாஸ் மெடிக்கல் சென்டர் பகுதியில் ஒரு மருத்துவமனையில் பணியில் சேர்ந்துவிட்டார். இப்போது அவருடன் படித்த தோழியின் வீட்டில் ஒண்டியிருக்கிறோம். ஓர் அடுக்குமாடி வீட்டுக்கு முன்பணம் கட்டியிருக்கிறோம், வெள்ளிக்கிழமைக்குள் ஒப்பந்தத்தில் கையெழுத்திடாவிட்டால் அந்தப் பணம் போய்விடும். ஹூஸ்டன் பள்ளிகளை மாநில அரசே எடுத்துக்கொண்டுவிட்டது, நூலகங்களை மூடிவிட்டார்கள், சான்றிதழ் இல்லாதவர்கள் பாடம் நடத்துகிறார்கள் என்று நேற்றிரவு படித்ததிலிருந்து எனக்கு உறக்கமே இல்லை. மகனுடைய டி.சி.யும் இன்னும் கைக்கு வரவில்லை. முன்பணம் போனால் போகட்டும் என்று மேற்குப் புறநகரான கேட்டி பக்கம் போய்விடலாமா? பள்ளி திறக்க ஆறு நாள்களே உள்ளன. தயவுசெய்து வழிகாட்டுங்கள்.

ஆற்காடு நண்பர், கேட்டி:
யோசிக்கவே வேண்டாம், கேட்டிக்கு வந்துவிடுங்கள். நான் 2013 டிசம்பரில் முதலில் வந்திறங்கியது சிகாகோவில். வேலூர் லாங்கு பஜாரில் வாங்கிய கம்பளிச் சட்டையோடு என் மகள் காலை ஆறே முக்காலுக்குப் பேருந்து நிறுத்தத்தில் நின்று, கை விரல்களை வாய்க்குள் வைத்துச் சூடேற்றிக்கொண்டதை இன்றும் என்னால் மறக்க முடியவில்லை. எங்களுக்குச் சொல்வதற்கு ஒருவரும் இல்லாததால் மூன்று மாதங்களில் இரண்டு வீடு மாறினோம், பிள்ளை இரண்டு பள்ளிகளைப் பார்த்தாள். அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம். நம்மவர்கள் நிறைய பேர் இருக்கும் இடம், புதிய கட்டடங்கள், நல்ல மதிப்பெண்கள் என்று பார்த்துக் குடியேறுவதுதான் குடும்பத்துக்கு நிம்மதி.

வாணியம்பாடி மகள்:
அண்ணா சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. கேட்டியிலிருந்து மெடிக்கல் சென்டருக்கு ஏறத்தாழ வேலூரிலிருந்து ஆம்பூர் போகும் தூரம், அதுவும் காலை நெரிசலில் ஒன்றேகால் மணி நேரம் ஆகலாம். பன்னிரண்டு மணி நேரப் பணி முடித்த செவிலியர் அந்தச் சாலையில் தினமும் வண்டி ஓட்டிக்கொண்டு வர வேண்டும் என்பதை யாரும் எண்ணிப் பார்க்கவில்லை. நாங்கள் ஆறு ஆண்டுகளாக ஹூஸ்டன் பள்ளி மாவட்டம் என்ற பள்ளி நிர்வாக அமைப்பின் எல்லைக்குள்தான் இருக்கிறோம், என் இரண்டு பிள்ளைகளும் நன்றாகவே படிக்கிறார்கள்.

நீங்கள் படித்த செய்தியில் பொய் இல்லை. 2023 ஜூன் மாதத்தில் மாநிலக் கல்வி முகமை, தேர்ந்தெடுக்கப்பட்ட வாரியத்தை விலக்கிவிட்டுத் தானே ஒரு நிர்வாகக் குழுவையும் பள்ளி மாவட்டத்தின் தலைமை நிர்வாகியாக மைக் மைல்ஸ் என்ற கண்காணிப்பாளரையும் நியமித்தது. பல பள்ளிகளில் நூலகர் பணியிடங்கள் நீக்கப்பட்டன. அது எனக்கும் வருத்தம்தான், நூலகம் இல்லாத பள்ளியை என்னால் பள்ளியாகவே நினைக்க முடியாது. ஆனால் மாற்றங்கள் எல்லாப் பள்ளிகளிலும் ஒரே அளவில் நடக்கவில்லை. 2025இல் வெளியான மாநிலத் தரவரிசையில் இந்த மாவட்டத்தில் எஃப் என்ற கடைசித் தரம் வாங்கிய பள்ளி ஒன்றுகூட இல்லை. மாவட்டத்தின் பெயரை வைத்து முடிவு செய்யாதீர்கள்.

ஆற்காடு நண்பர், கேட்டி:
தரவரிசை ஏறியது என்றால், பிள்ளைகள் ஏன் வெளியேறுகிறார்கள்? பத்து ஆண்டுகளுக்கு முன்பு 2 லட்சத்துக்கு மேல் இருந்த எண்ணிக்கை இன்று 1.8 லட்சத்துக்கும் கீழே வந்துவிட்டது. பள்ளிக் கட்டடங்களுக்காக 440 கோடி டாலர் கடன்பத்திரம் வெளியிட அனுமதி கேட்டு 2024 நவம்பரில் வாக்கெடுப்பு நடத்தினார்கள், மக்கள் மறுத்துவிட்டார்கள். அந்தப் பகுதிப் பிள்ளைகளின் பின்னணியையும் பாருங்கள், பெரும்பாலோர் ஏழைகள், வீட்டில் ஆங்கிலம் பேசாதவர்கள்.

குடியாத்தம் தலைமையாசிரியர் (ஓய்வு):
மகள் வீட்டுக்கு ஆறு மாதங்களுக்கு வந்திருக்கிறேன். கடைசி வரியைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. தம்பி, நம் பிள்ளையும் வீட்டில் ஆங்கிலம் பேசாத பிள்ளைதானே? ஹூஸ்டன் மாவட்டத்தில் பத்தில் ஆறு பேருக்கு மேல் ஸ்பானிய மொழி பேசும் நாடுகளின் வழிவந்தவர்கள், ஐந்தில் ஒருவர் கறுப்பினத்தவர், ஏறத்தாழ எண்பது விழுக்காட்டினர் வருமானம் குறைந்த குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். பீடி சுற்றும் வீடுகளிலிருந்தும் தறி வீடுகளிலிருந்தும் வந்த பிள்ளைகளுக்கு முப்பத்திரண்டு ஆண்டுகள் பாடம் சொன்னவன் நான். ஏழைப் பிள்ளைகளால் ஒரு பள்ளி கெட்டுப்போனதை நான் பார்த்ததில்லை, ஆசிரியர் இல்லாமல் கெட்டுப்போனதைப் பார்த்திருக்கிறேன்.

நம் ஊரில் ஆகஸ்ட் 1 நிலவரப்படி தலைகளை எண்ணிப் பணியிட நிர்ணயம் செய்வார்கள். நான் இருந்த ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் அறுபத்தொரு பிள்ளைகள் இருந்தால் மூன்று ஆசிரியர்கள், அறுபது என்றால் இரண்டே பேர். ஓர் ஆண்டு ஜூலைக் கடைசியில் ஒரு குடும்பம் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போய்விட்டது. வருகைப் பதிவேட்டில் அந்தப் பெண் குழந்தையின் பெயர் மீது சிவப்பு மையால் கோடிட்டபோதே, எங்கள் இளநிலை ஆசிரியை உபரியாகிப் பணிநிரவலில் போய்விடுவார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அப்படியே நடந்தது. டெக்சாஸில் இதைவிடக் கடுமை. சேர்க்கை எண்ணிக்கைப்படி அல்லாமல், பிள்ளைகள் நாள்தோறும் வரும் வருகையின் சராசரியை வைத்தே மாநிலம் பணம் தருகிறது என்று மகள் விளக்கினாள். பிள்ளைகள் குறைந்தால் பணம் குறைகிறது, பணம் குறைந்தால் ஆசிரியர் போகிறார், ஆசிரியர் போனால் இன்னும் நான்கு பெற்றோர் வெளியேறுகிறார்கள்.

ராணிப்பேட்டை கணக்காளர்:
ஐயா சொன்னது சரியே. அதன் மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் ஆண்டுதோறும் சொத்து வரி கட்டும்போது எனக்கு வயிறு எரிகிறது. டெக்சாஸில் தனிநபர் வருமான வரி கிடையாது, பள்ளிகளின் பாரத்தில் பெரும்பகுதி சொத்து வரியின் தலையில் விழுகிறது. வாடகைக்கு இருப்பவர்களும் வாடகை வழியாக அதைக் கட்டுகிறார்கள். ஒரு மாணவருக்கான அடிப்படை ஒதுக்கீடு 2019 முதல் 6,160 டாலரிலேயே நின்றது, இடையில் விலைவாசி எங்கோ போய்விட்டது, 2025இல் உயர்த்தியது 55 டாலர் மட்டுமே. ஆசிரியர் சம்பளத்துக்கென்றும், மின்கட்டணம், பேருந்து போன்ற செலவுகளுக்கென்றும் தனியாக நிதி கொடுத்தார்கள் என்றாலும், இந்த அடிப்படைப் பணம் விலைவாசியை எட்டவில்லை.

இன்னொரு கொடுமையும் உண்டு. 1993 முதல், சொத்து மதிப்பு அதிகமுள்ள மாவட்டங்கள் ஒரு பகுதியை மாநிலத்துக்குத் திருப்பித் தர வேண்டும். எண்ணெய் நிறுவனக் கோபுரங்களின் மதிப்பு ஏற ஏற, பெரும்பான்மைப் பிள்ளைகள் ஏழைகளாக உள்ள ஹூஸ்டன் மாவட்டமே ஏட்டளவில் பணக்கார மாவட்டமாகிவிட்டது. 2016இல் மக்கள் வாக்கெடுப்பில் மறுத்தார்கள், 2017 மே மாதம் வேறு வழியின்றி ஒப்புக்கொண்டார்கள்.

ஆம்பூர் வாசகர்:
வரியை விடுங்கள், சேர்க்கைப் படிவத்தில் வீட்டு மொழி என்ன என்று கேட்பார்கள், ஆங்கிலம் என்றே எழுதிவிடுங்கள். வேறொரு மாநிலத்தில் நாங்கள் தமிழ் என்று எழுதியதால், என் மகனைத் தினமும் கணக்கு வகுப்பின் நடுவில் எழுப்பி ஆங்கிலப் பயிற்சிக்கு அழைத்துப் போனார்கள். நான்கு மாதங்கள் அழுதுகொண்டே வீட்டுக்கு வந்தான். ஊரில் இருந்திருந்தாலே நன்றாக இருந்திருப்பான் என்று எத்தனையோ இரவுகள் நினைத்திருக்கிறேன்.

வாணியம்பாடி மகள்:
அப்படி எழுதச் சொல்லாதீர்கள் அண்ணா, உங்கள் வேதனை புரிந்தாலும் அது தவறான வழி. தமிழ் என்று எழுதினால் ஒரு தேர்வு வைப்பார்கள், தேவையென்றால் உதவி கிடைக்கும், அப்படிப்பட்ட பிள்ளைக்காகப் பள்ளிக்குக் கூடுதல் நிதியும் வரும். அந்த உதவி வேண்டாம் என்றால் பெற்றோர் எழுத்து மூலம் மறுக்கலாம். என் மகள் ஒன்றரை ஆண்டில் அதிலிருந்து வெளியே வந்துவிட்டாள்.

ஆரணி செவிலியர்:
இத்தனை பேர் எழுதியும், அவருடைய பிள்ளைக்கு என்ன வயது, அந்த வீட்டின் முகவரி எந்தப் பள்ளி மாவட்டத்தில் வருகிறது என்று ஒருவரும் கேட்கவில்லையே. அவரும் சொல்லவில்லை. ஹூஸ்டன் என்று அஞ்சல் முகவரி இருந்தால் அது ஹூஸ்டன் பள்ளி மாவட்டம் என்று பொருளாகாது. இங்கே பள்ளி மாவட்டம் என்பது நம் ஊர் வருவாய் மாவட்டம் போன்றதன்று, தனக்கென வரியும் வாரியமும் எல்லையும் கொண்ட தனி அமைப்பு. ஒரே சாலையின் இடப்பக்கம் ஒரு மாவட்டம், வலப்பக்கம் இன்னொன்று. கையெழுத்திடும் முன் அந்த முகவரியை மாவட்ட இணையதளத்தின் பள்ளி தேடும் பக்கத்தில் கதவு எண்ணோடு தட்டிப் பாருங்கள்.

டி.சி.க்காகக் கலங்க வேண்டாம். பிறப்புச் சான்று அல்லது கடவுச்சீட்டு போதும், முந்தைய பள்ளியின் பதிவுகளைச் சேர்ந்த பிறகு 30 நாள்களுக்குள் கொடுக்கலாம், அவை இல்லை என்பதற்காகச் சேர்க்க மறுக்க முடியாது. குடியேற்ற நிலையைக் காரணம் காட்டியும் மறுக்க முடியாது, அது 1982இல் டெக்சாஸ் வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் தீர்த்துவைத்த விஷயம். உண்மையில் உங்களைத் தடுக்கக்கூடியது தடுப்பூசி அட்டைதான். நம் ஊர் அரசு அட்டவணையில் தட்டம்மை, ரூபெல்லா ஊசி மட்டுமே உண்டு, பொன்னுக்குவீங்கி அதில் கிடையாது. சின்னம்மைக்கும் மஞ்சள் காமாலை ஏ வகைக்கும் தனியாரிடம் பணம் கொடுத்துப் போட்டிருந்தால்தான் உண்டு. டெக்சாஸ் இவை எல்லாவற்றையும் கேட்கும். ஒவ்வொன்றிலும் ஒரு தவணையாவது போட்டு, மற்றவற்றுக்கு நாள் வராமல் இருந்தால் தற்காலிகமாகச் சேர்த்துக்கொள்வார்கள். ஆகவே நாளைக்கே மருத்துவரைப் பாருங்கள். சின்னம்மை ஊசி, தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, ரூபெல்லா மூன்றுக்குமான எம்.எம்.ஆர். ஊசி இரண்டையும் ஒரே நாளில் போடாவிட்டால் நான்கு வாரங்கள் காத்திருக்க நேரும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

சத்துவாச்சாரி தந்தை:
விவரங்களைச் சொல்லாமல் விட்டதற்கு மன்னியுங்கள், பதற்றத்தில் தோன்றவில்லை. மகனுக்கு ஏழு வயது, ஊரில் இரண்டாம் வகுப்பு முடித்திருக்கிறான். முகவரியைத் தட்டிப் பார்த்தேன். அந்த வீடு ஹூஸ்டன் மாவட்டத்திலேயே இல்லை, அலீஃப் என்று வருகிறது. தடுப்பூசி அட்டையில் சின்னம்மை இல்லை. அலீஃப் எப்படிப்பட்டது?

ஆரணி செவிலியர்:
அப்படியானால் நீங்கள் படித்துக் கலங்கிய மாநிலக் கையகப்படுத்தல் உங்கள் பள்ளிக்குப் பொருந்தாது. அலீஃபும் எளிய குடும்பங்களின் மாவட்டம்தான், அங்கே பிள்ளைகளின் வீடுகளில் எண்பதுக்கும் மேற்பட்ட மொழிகள் பேசப்படுகின்றன, ஆசியப் பிள்ளைகளின் விகிதம் ஹூஸ்டன் மாவட்டத்தைவிட அதிகம். வேற்றுமொழிப் பிள்ளை புதிதாக வருவது அங்கே ஆசிரியர்களுக்கு அன்றாட நிகழ்ச்சி. உங்கள் மகனுக்கு அது நல்லது என்பது என் கருத்து. வயதைப் பார்த்து மீண்டும் இரண்டாம் வகுப்பில் வைப்பார்கள், அதை இழப்பாக எண்ணாதீர்கள்.

நாளை அந்தப் பள்ளிக்கு நேரில் போய், இரண்டாம் வகுப்புக்கு நிரந்தர ஆசிரியர் வந்துவிட்டாரா, மாற்று ஆசிரியரா, வகுப்பில் எத்தனை பிள்ளைகள், நூலகத்துக்கு ஆள் உண்டா என்று கேளுங்கள். ஏழைப் பிள்ளைகள் அதிகமுள்ள பள்ளிகளுக்குக் கூட்டரசு தரும் டைட்டில் ஒன் நிதியைப் பெறும் பள்ளியாக இருந்தால், ஆசிரியரின் தகுதியைக் கேட்டறியப் பெற்றோருக்குச் சட்டப்படி உரிமை உண்டு, தயங்க வேண்டாம். பதில் திருப்தியாக இருந்தால் வெள்ளிக்கிழமை கையெழுத்திடுங்கள். ஒப்பந்தத்தின் நகலே முகவரிச் சான்றாகும். பொங்கலையொட்டி ஒன்றிரண்டு மாதங்கள் ஊருக்குப் போகும் எண்ணம் இருந்தால் கைவிடுங்கள். தொண்ணூறு விழுக்காடு வருகை இல்லாவிட்டால் அடுத்த வகுப்புக்குப் போவதில் சிக்கல் வரும், தலைமையாசிரியர் ஐயா சொன்னபடி பள்ளிக்கும் பணம் குறையும்.

சத்துவாச்சாரி தந்தை:
நன்றி அக்கா. காலை ஒன்பது மணிக்குத் தடுப்பூசிக்கு நேரம் வாங்கிவிட்டேன், அங்கிருந்து நேரே பள்ளிக்குப் போகிறோம். மனைவிக்கு இன்றிரவு பணி, அவர் திரும்பியதும் அட்டையை எடுத்துக்கொண்டு கிளம்புவோம்.