தீபாவளிக்கு 9 நாள் ஊருக்குப் போறோம்: வலிப்பு மாத்திரை சாப்பிடும் நாயையும் பூனையையும் எப்படி விட்டுட்டுப் போறது?

கயல்_மடிப்பாக்கம்

வணக்கம். தீபாவளிக்கு ரெண்டு நாள் முன்னாடி கிளம்பி திருநெல்வேலி போறோம். திரும்பி வர 9 நாள் ஆகும். வீட்டுல ராணி, சுப்புன்னு ரெண்டு பேர். ராணி நாட்டு நாய், 6 வயசு, 20 கிலோ. ஒரு வருஷமா வலிப்புக்கு ஃபினோபார்பிட்டோன் 60 மி.கி. மாத்திரை, காலைல 8 மணி, ராத்திரி 8 மணி. கடைசியா வலிப்பு வந்து நாலு மாசம் ஆச்சு. வெடிச்சத்தம் கேட்டா கட்டிலுக்கு அடியில போய் நடுங்கும். சுப்பு ஆண் பூனை, 4 வயசு, கருத்தடை பண்ணியாச்சு. எங்க ரெண்டாவது மாடி வீட்டை விட்டு வெளியே போனதே இல்ல.

பக்கத்து பிளாக்குல ஒரு காலேஜ் பொண்ணு, ராணிக்கு நல்ல பழக்கம், எங்க வீட்டுலயே தங்கிப் பார்த்துக்கறேன்னு சொல்றா. நாய், பூனையை விட்டுட்டுப் போற போர்டிங்கும் ஒண்ணு விசாரிச்சு வச்சிருக்கோம். எது சரி? ராணியை மட்டும் ரயில்ல கூட்டிட்டுப் போகலாமா? நாங்க இல்லாதப்ப ஓடிட்டா முதல்ல என்ன பண்ணணும்? இன்னொண்ணு, கேக்கவே மனசு வரல. நாங்க ஊர்ல இருக்கும்போது ரெண்டுல ஒண்ணு இறந்துபோனா அந்தப் பொண்ணு என்ன செய்யணும்?

வேப்பேரி_மாணவர்

ராணிக்கு போர்டிங் வேண்டாம். வலிப்பு உள்ள நாய்க்குப் புது இடம், கெட்ட தூக்கம், தள்ளிப்போகும் மாத்திரை மூன்றும் ஒரே வாரத்தில் சேரக்கூடாது. பண்டிகை நேரத்தில் போர்டிங் நிரம்பியிருக்கும். நள்ளிரவில் எந்தக் கூண்டில் எந்த நாய்க்கு வலிப்பு வந்தது என்று பார்க்க ஆள் விழித்திருக்க மாட்டார். பழகிய பெண் உங்கள் வீட்டிலேயே தங்குவதுதான் நல்லது.

ரயிலும் சரிப்படாது. முதல் வகுப்பு ஏசியில் ஒரு கூபே (இரண்டு படுக்கை மட்டும் உள்ள தனி அறை) முழுவதும் உங்களுக்கே கிடைத்தால்தான் நாயைக் கூட வைத்துக்கொள்ளலாம். கூபே கிடைத்ததா என்பது சார்ட் போட்ட பிறகுதான் தெரியும். கிடைக்காவிட்டால் கார்டு வேனில் இருக்கும் நாய்ப் பெட்டி. அதில் வலிப்பு வந்தால் பார்க்கவே ஆள் இல்லை.

மாத்திரை 9 நாளுக்கு 18 வேண்டும். ரயில் ரத்து, மழை, வாந்தி இவற்றுக்காக இன்னும் 6 சேர்த்து 24 வாங்கி வையுங்கள். மருத்துவர் சீட்டு இல்லாமல் இதைக் கடையில் தரமாட்டார்கள். சீட்டின் நகலும் வீட்டில் இருக்கட்டும். காலை, இரவு என்று அறை பிரித்த டப்பாவில் தேதிவாரியாகப் போட்டுவிடுங்கள். மாத்திரை கொடுத்ததும் காலியான அறையைப் படம் எடுத்து அந்தப் பெண் உங்களுக்கு அனுப்பட்டும். "கொடுத்தியா?" என்று கேட்டால் "கொடுத்தேன்" என்றுதான் பதில் வரும். படம் வந்தால் சந்தேகம் இல்லை. ஒரு வேளை தவறினால் நினைவு வந்தவுடன் கொடுத்துவிட்டு, அடுத்ததை அதிலிருந்து 12 மணி நேரம் கழித்துக் கொடுக்கவேண்டும். இரண்டையும் சேர்த்துக் கொடுக்கக்கூடாது. இந்த மாத்திரை திடீரென்று நின்றால் வலிப்பு முன்பிருந்ததைவிடக் கடுமையாகத் திரும்பும். இறப்பு வரைகூடப் போகலாம்.

தீபாவளி ராத்திரிக்குத் தனிக் கவனம் வேண்டும். அரசு அனுமதித்த நேரம் காலை 6 முதல் 7, மாலை 7 முதல் 8. ஆனால் ராத்திரி 8 மணிக்கு உச்சத்தில் வெடிக்கும்போது கட்டிலுக்கடியில் கிடக்கும் நாய் எதையும் வாயில் வாங்காது. அன்று மட்டும் 7 மணிக்குள் கொடுத்துவிடட்டும். ஒரு மணி நேரம் முன்னால் போவதால் கெடுதல் இல்லை. பயத்துக்கு டிராசோடோன் அல்லது காபாபென்டின் கொடுக்கலாமா என்று உங்கள் மருத்துவரைக் கேளுங்கள். ஃபினோபார்பிட்டோனோடு சேரும்போது மயக்கம் கூடும் என்பதால் அளவை அவர்தான் சொல்லவேண்டும். நீங்கள் வீட்டில் இருக்கும்போதே ஒரு நாள் கொடுத்து எப்படி இருக்கிறது என்று பார்த்துவிடுங்கள். அசிப்ரோமசின் என்ற மயக்க மருந்தை மட்டும் தனியாகக் கொடுக்கவேண்டாம். அது உடலைக் கட்டிப்போடும், பயத்தைக் குறைக்காது. நாய் அசையாமல் கிடந்தபடியே நடுங்கிக்கொண்டிருக்கும்.

வலிப்பு வந்தால் அந்தப் பெண் முதலில் செய்யவேண்டியது மணி பார்ப்பது. பக்கத்தில் இருக்கும் நாற்காலியை நகர்த்தி, ஃபேன் போட்டு, முடிந்தால் வீடியோ எடுக்கட்டும். சாவியோ இரும்போ வைக்கவேண்டாம், வாயில் கரண்டி வேண்டாம், தண்ணீர் ஊற்றவேண்டாம், நாக்கைப் பிடிக்கவே வேண்டாம். நாய் நாக்கை விழுங்காது. ஆனால் தன்னை அறியாமல் விரலைக் கடித்துவிடும். கடி பட்டால் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, ராணிக்கு ஊசி போட்டிருந்தாலும் ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். வலிப்பு 5 நிமிடத்தைத் தாண்டினாலோ, 24 மணி நேரத்துக்குள் இரண்டாவது முறை வந்தாலோ உங்களுக்குப் போன் போடுவதற்கு முன்பே வண்டி பிடிக்கட்டும். வலிப்பை நிறுத்த மூக்கில் அடிக்கும் மிடசோலாம் ஸ்ப்ரே வீட்டில் இருந்தால் வழியிலேயே கொடுக்கலாம். எத்தனை முறை அடிப்பது என்று சீட்டில் எழுதி வாங்குங்கள்.

உண்ணி மருந்தில் உங்கள் வீட்டுக்கு இரண்டு எச்சரிக்கை. பிரவெக்டோ, நெக்ஸ்கார்ட், சிம்பாரிகா மூன்றும் ஒரே வகை. வலிப்பு வரலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2018-ல் அந்த வகைக்கு எச்சரிக்கை கொடுத்திருக்கிறது. ராணிக்கு மருத்துவரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள். இரண்டாவது, பெர்மெத்ரின் கலந்த நாய் சொட்டு மருந்து. அது பூனைக்கு விஷம். ராணியின் கழுத்தில் விட்டு, சுப்பு போய் உரசிப் படுத்தாலே போதும். அட்டையில் என்ன மருந்து என்று படிக்காமல் வாங்கவேண்டாம்.

ராத்திரி_டார்ச்

ஓடிப்போறதைப் பத்திச் சொல்றேன். பெரும்பாலும் முதல் ரெண்டு மூணு நாள்லதான் நடக்கும், அதுவும் கதவு இல்லன்னா கேட்டுல. ஓனர் கிளம்பிப் போன திசையைத் தேடி நாய் நழுவும், இல்ல வெடிக்குப் பயந்து பாயும். அதனால ரெண்டு கதவு முறை வச்சுக்கங்க: கிரில்லைப் பூட்டாம மரக்கதவைத் திறக்கக்கூடாது. பால், கூரியர், சாப்பாடு டெலிவரி எல்லாம் கிரில் வழியாத்தான். பெல்ட் பழசாகித் தளர்ந்திருந்தா பயத்துல பின்னாடி இழுக்கும்போது தலை வெளிய வந்துடும். பெல்ட்டுக்கும் கழுத்துக்கும் நடுவுல ரெண்டு விரல் போகணும், அதுக்கு மேல கூடாது. அந்த 9 நாளும் பெல்ட்டுல ஒரு கயிறு, ஹார்னஸ்ல ஒரு கயிறு, ரெண்டையும் ஒரே கையில பிடிக்கணும். தீபாவளி அன்னைக்கும் அடுத்த நாளும் வெடி ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி விடியக்காலைல ஒண்ணு, மத்தியானம் ஒண்ணு, அவ்வளவுதான் வெளிய. பெல்ட்டுல உங்க நம்பரோட அந்தப் பொண்ணோட நம்பரையும் போடுங்க. நீங்க 600 கி.மீ. தள்ளி இருக்கும்போது உங்க நம்பர் மட்டும் இருந்து என்ன பிரயோஜனம்?

தோலுக்கு அடியில வைக்கிற மைக்ரோசிப் வெறும் 15 இலக்க எண், அவ்வளவுதான். அது இருக்கிற இடத்தைக் காட்டாது, ஸ்கேனர் வச்சாத்தான் பேசும். ஆனா யாராவது நாயை எடுத்து வச்சுக்கிட்டு "இது எங்களது"ன்னு சொன்னா, அதுதான் சாட்சி. மாநகராட்சி உரிமமும் தடுப்பூசிக் கார்டும் அந்தப் பொண்ணு போன்ல இருக்கட்டும்.

ஓடிட்டா துரத்தாதீங்க, கூட்டமாப் போய்க் கத்தாதீங்க. பயந்த நாய்க்குத் தன் பேரே மிரட்டல் மாதிரிக் கேட்கும். அதுக்குத் தெரிஞ்ச ஒருத்தர் மட்டும் தூரத்துல, நேருக்கு நேரா பார்க்காம பக்கவாட்டுல தரையில உட்கார்ந்து, சிக்கன் துண்டைப் பக்கத்துல போட்டுட்டுக் காத்திருக்கணும். வர்ற வரைக்கும் கையை நீட்டக்கூடாது. மத்தவங்க ரோடு, ரயில்வே பாதைப் பக்கம் நின்னு அந்தத் திசையை மட்டும் அடைக்கணும். வீட்டுக் கேட்டு திறந்தே இருக்கட்டும், அது படுத்த துணியை வாசல்ல போடுங்க. நம்ம ஊர்ல இன்னொரு விஷயம்: ஒவ்வொரு தெருவுலயும் தெரு நாய்ங்க நிக்க விடாமத் துரத்தும். அதனால அவை இல்லாத இடத்துலதான் தேடணும். காலி மனை, கட்டிட வேலை நடக்கிற இடம், பூட்டின காம்பவுண்டு, ஏரிக்கரை.

தெருவுல விடியக்காலைல யார் நடமாடுறாங்களோ அவங்ககிட்டத்தான் முதல்ல சொல்லணும்: தூய்மைப் பணியாளர், பால் போடுறவர், பேப்பர் போடுற தம்பி, ஏடிஎம் வாட்ச்மேன், டீக்கடை, ஆட்டோ ஸ்டாண்டு. போஸ்டர்ல ஒரு படம், "காணவில்லை", ஒரு நம்பர், ஓடுற ஆட்டோவுல இருந்து படிக்கிற அளவுக்குப் பெரிய எழுத்து. மழைக்காலம், பிளாஸ்டிக் கவர்ல போட்டு வாய்ப்பக்கம் கீழ வர்ற மாதிரி ஒட்டுங்க. ஒரு அடையாளத்தை மட்டும் போடாம வச்சுக்கங்க, உதாரணமா பின்னங்கால்ல இருக்கிற ஒரு வெள்ளை விரல். "நாய் எங்கிட்ட இருக்கு, ஜிபே பண்ணுங்க"ன்னு கண்டிப்பா போன் வரும். அந்த அடையாளத்தைக் கேட்டா உண்மை தெரிஞ்சுடும்.

மாநகராட்சியோட 1913-க்குப் போன் பண்ணி, அன்னைக்கு உங்க பகுதியில நாய் பிடிக்கிற வண்டி வந்துச்சா, எந்த மையத்துக்குப் போச்சுன்னு கேளுங்க. புளியந்தோப்பு, லாயிட்ஸ் காலனி, கண்ணம்மாபேட்டை மாதிரி மாநகராட்சி மையங்கள் இருக்கு. போன்ல "இல்ல"ன்னு சொன்னாலும் நேர்ல போய்க் கூண்டு கூண்டாப் பாருங்க. போன் எடுக்கிறவருக்கு ஒரு பழுப்பு நாட்டு நாய்க்கும் இன்னொண்ணுக்கும் வித்தியாசம் தெரியாது. வேளச்சேரி ரோட்டுல இருக்கிற புளூ கிராஸ் விலங்குக் காப்பகத்துலயும் நேர்ல பார்க்கணும்.

கயல்_மடிப்பாக்கம்

ரொம்ப நன்றி. ஃபினோபார்பிட்டோன், பெர்மெத்ரின் ரெண்டையும் இன்னைக்கே எழுதி ஃபிரிட்ஜ்ல ஒட்டறேன். சுப்பு வெளிய போயிட்டா இதே மாதிரித் தேடினாப் போதுமா?

மீன்முள்

இல்லங்க அக்கா, பூனைக்கு நேர் எதிர். வீட்டுப் பூனை ஓடாது, ஒளியும். 2018-ல வந்த ஒரு ஆய்வுல, கிடைச்ச பூனைகள்ல முக்கால்வாசி காணாமப் போன இடத்துல இருந்து 500 மீட்டருக்குள்ளதான் இருந்துச்சு. வெளியவே போகாத பூனைன்னா இன்னும் பக்கத்துல: மீட்டர் பெட்டி அறை, பைப் போற டக்ட், கீழ் வீட்டு சன்ஷேடு, ஜெனரேட்டர் பின்பக்கம், கார் பானட்டுக்குள்ள. கூப்பிட்டா பதிலே வராது, அதனால இல்லைன்னு முடிவு பண்ணிடாதீங்க. ராத்திரி 1 மணிக்கு மேல சத்தம் அடங்கினதும் டார்ச்சைக் கண் உயரத்துல வச்சு மெதுவாச் சுத்தினா கண் ரெண்டும் பச்சையா மின்னும். கிட்டப் போகாம, கூண்டுப் பொறி வச்சு உள்ள சுட்ட நெத்திலிக் கருவாடு வைக்கணும். வெறும் பூனை உணவு அந்த வாசனைக்கு ஈடாகாது. மழையில கூண்டு மேல தார்ப்பாய் போடுங்க.

ஆனா சுப்புவுக்கு நான் பயப்படுறது வேற. ஆண் பூனைக்கு மூத்திரம் அடைக்கும். சரியாக் கவனிக்காட்டி ஒண்ணு ரெண்டு நாள்ல உயிர் போயிடும். அந்தப் பொண்ணு தினமும் ரெண்டு வேளை சுப்பு மூத்திரம் போற மணல் ட்ரேயைச் சலிச்சு, மூத்திரக் கட்டிகளை எண்ணிப் படம் அனுப்பணும். ஒரு நாளைக்கு 2 முதல் 4 கட்டி இருந்தா சரி. ட்ரேக்குள்ள போய்ப் போய் உட்கார்ந்து, முக்கி, ஒண்ணும் வராம கத்தினா காலை வரைக்கும் காத்திருக்கக்கூடாது, அது மலச்சிக்கல்னு நினைச்சு விட்டுடறதுதான் தப்பு. சாப்பாட்டைக் கிண்ணத்தால அளக்காம கிச்சன் தராசுல கிராமா எடை போட்டு வைக்கச் சொல்லுங்க, மிச்சத்தையும் எடை போடணும். பூனை ரெண்டு நாள் சாப்பிடாமக் கிடந்தா, குறிப்பா குண்டா இருந்தா, கல்லீரல்ல கொழுப்பு படியும். "உங்களைத் தேடுது, அதான் சாப்பிடல"ன்னு சொன்னா ஒரு நாள் ஒத்துக்கங்க, ரெண்டாவது நாள் டாக்டர்கிட்ட போகணும்.

வேப்பேரி_மாணவர்

நீங்கள் கடைசியாகக் கேட்டதற்கு வருகிறேன். கேட்டது நல்லது, இதை முன்கூட்டி எழுதி வைக்காததால்தான் நடுராத்திரியில் ஒரு சின்னப் பெண் ஆஸ்பத்திரி வராந்தாவில் முடிவெடுக்க முடியாமல் நிற்கிறாள்.

ஒரு தாளில் கையெழுத்துப் போட்டு மூன்று பேரிடம் கொடுங்கள்: அந்தப் பெண், உங்கள் மருத்துவர், உள்ளூரில் இருக்கும் ஒரு உறவினர். அதில் எழுதவேண்டியவை: நாய், பூனை இரண்டின் எடை, மருந்து, ஒவ்வாமை. இவர் என் சார்பில் சிகிச்சைக்குச் சம்மதம் தரலாம். எங்களைத் தொடர்புகொள்ள முடியாவிட்டால் இவ்வளவு ரூபாய் வரை செலவு செய்யலாம், பணம் இந்த எண்ணில் இருக்கிறது. அறுவை சிகிச்சை தேவைப்பட்டால் எங்கள் பதிலுக்குக் காத்திருக்க வேண்டாம். பிழைக்க வழியில்லை, வலி மட்டும்தான் மிச்சம் என்று மருத்துவர் சொன்னால் கருணைக்கொலைக்குச் சம்மதமா, இல்லையா. இந்தக் கடைசி வரியை உங்கள் வீட்டில் எல்லாரும் உட்கார்ந்து பேசி எழுதுங்கள்.

இறந்துவிட்டால் காரணம் தெரியவேண்டுமா என்று அப்போதே முடிவு செய்யவேண்டும். வேண்டுமென்றால் உடலைக் குளிரில் வைக்கலாம், உறையவைக்கக்கூடாது. உறைந்தால் திசுக்கள் சிதையும், நுண்ணோக்கியில் ஒன்றும் தெரியாது. நம் வெயிலில் குடல் சில மணி நேரத்திலேயே கெட ஆரம்பிக்கும், 24 மணி நேரத்துக்குள் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குப் பிரேதப் பரிசோதனைக்குக் கொண்டுபோவது நல்லது. பரிசோதனை வேண்டாம், நீங்கள் வந்து பார்க்கும்வரை காத்திருக்கவேண்டும் என்றால் ஃப்ரீசரில் வைக்கலாம். சில ஆஸ்பத்திரிகளில் வசதி உண்டு, இப்போதே கேட்டு வையுங்கள். விறைப்பதற்கு முன், அதாவது முதல் இரண்டு மணி நேரத்துக்குள், தூங்குவதுபோல் கால்களை மடக்கி, துண்டில் சுற்றி, அதன்மேல் பாலிதீன். பெல்ட்டையும் கொஞ்சம் முடியையும் அந்தப் பெண் எடுத்து வைக்கட்டும். குழந்தைகள் கேட்பார்கள்.

உங்களிடம் உடனே சொல்லவேண்டுமா, நீங்கள் திரும்பிய பிறகா என்பதையும் அதே தாளில் எழுதிவிடுங்கள். அந்தப் பெண் அதை யோசித்துக்கொண்டு ராத்திரி முழுக்க உட்கார்ந்திருக்க வேண்டாம்.