புதுப்பிப்பு: படுத்ததும் வரும் படபடப்பு

படுத்தாலே நெஞ்சு படபடக்கிறது, ஈசிஜி சரியாக இருந்தும் பயம் போகவில்லை என்று முன்பு புலம்பியிருந்தேன் இல்லையா, இப்போது பரவாயில்லை. மூச்சைக் கவனியுங்கள் என்று பலர் சொன்னீர்கள். எனக்கு அது ஒத்துவரவில்லை, கவனிக்கக் கவனிக்க மூச்சு முட்டியது. கைகொடுத்தது பாடி ஸ்கேன்தான் (ஆஸ்பத்திரி ஸ்கேன் இல்லை; படுத்தபடி உடம்பின் ஒவ்வொரு பகுதியாகக் கவனித்துக்கொண்டே போவது), 1979இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் கபட்-ஜின் தொடங்கிய, மனஅழுத்தத்தைக் குறைக்கும் தியானப் பயிற்சியில் வருவது. இடது கால்விரலில் ஆரம்பித்து, போர்வை உரசுவது, குதிகால் மெத்தையில் அழுந்துவது என்று மெல்ல மேலே வரவேண்டும். தாடையை இவ்வளவு இறுக்கிக்கொண்டிருக்கிறேன் என்பதே அப்போதுதான் தெரிந்தது. படபடப்பு வராமல் இல்லை; வந்தால் விரட்டாமல், நெஞ்சில் எந்த இடத்தில், எவ்வளவு அகலத்துக்கு என்று பார்க்கிறேன், அதற்குள் பல நாள் தூங்கிவிடுகிறேன் (தூங்கவைப்பது இதன் நோக்கமே இல்லையாம்!). அப்புறம், மாத்திரை பற்றிக் கேட்டவர்களுக்கு: டாக்டர் சொல்லும்வரை நிறுத்தப் போவதில்லை.