குட்டி யானையில் டிபன் கடை: வண்டி கட்டுவதா, கடை பிடிப்பதா?

தோசைக்கல்: பழைய குட்டி யானை (டாடா ஏஸ்) ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. பின்பக்கம் அடுப்பு, கல் வைத்துக் கட்டி ஈரோட்டில் சாயந்திர டிபன் போட ஆசை. அப்பா ஒரே பிடியாகக் கடை பிடிக்கச் சொல்கிறார்.

கரூர்க்காரன்: வண்டியே கட்டு தம்பி. கூட்டம் வராத தெருவில் அட்வான்ஸ் கொடுத்து மாட்டிக்கொண்டால் கடையைத் தூக்கிக்கொண்டா போவாய்? திருச்செங்கோட்டில் லாரி மேல் துளை போடும் ரிக் இயந்திரத்தை ஏற்றி நாடு முழுக்க போர்வெல் போடுகிறார்கள். தொழிலுக்கு ஏற்ப வண்டி கட்டுவது நமக்கு என்ன புதுசா?

வாடகைராசா: ரிக் வண்டிக்குப் பதிவிலேயே தனி வகை உண்டு அண்ணே. இது சரக்கு வண்டி. ஆர்சியில், அதாவது பதிவுச் சான்றில், உள்ளதை மீறி மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே அழுத்திச் சொன்னது. எஃப்சிக்கு (தகுதிச் சான்றுக்கு) வண்டியைக் கொண்டுபோகும்போது தெரியும் சேதி.

கரூர்க்காரன்: மொபைல் கேன்டீன் என்றும் தனி வகை இருக்கிறதே, அதை ஏன் விட்டுவிட்டீர்கள்? முதலில் ஆர்டிஓ ஆபீசில் கேட்டு எழுத்தில் வாங்கணும், அப்புறம்தான் வெல்டிங். நம் ஆட்கள் தலைகீழாகச் செய்துவிட்டு அழுகிறார்கள்.

வாடகைராசா: எழுத்தில் வாங்க எத்தனை நடை என்று நடந்தவனுக்குத்தான் தெரியும். கடைக்கு அந்தத் தொல்லை இல்லை. அட்வான்ஸும் திரும்பி வரும்.

கரூர்க்காரன்: திரும்பி வருமா! வெள்ளை அடிக்க, கரண்ட் பாக்கி என்று பிடித்தது போக மிச்சம்தானே?

இலைப்பட்டை: நான் மூன்று வருடம் வண்டி ஓட்டினவன். சண்டையை விட்டு எடையைப் பாருங்கள். ஏஸ் தாங்குவது சுமார் 750 கிலோ. தண்ணீர் 200 லிட்டர் என்றால் 200 கிலோ. 19 கிலோ சிலிண்டர் இரண்டு, இரும்போடு 70 கிலோவுக்கு மேல் வரும். தகரப் பாடி, கல், மாவு, இரண்டு ஆள் இன்னும் சேர்க்கவில்லை. நான் கல்லையும் தண்ணீர்த் தொட்டியையும் பரிமாறும் பக்கமே வைத்தேன். ஆறே மாதத்தில் இடதுபக்க ஸ்பிரிங் பட்டை உட்கார்ந்து வண்டி சாய்ந்துவிட்டது. கல்லில் எண்ணெய் ஊற்றினால் ஓரமாக ஓடும், தோசை ஒரு பக்கம் தடிமனாக வரும். தொட்டியை எதிர்ப்பக்கம் மாற்றிய பிறகுதான் தோசை வட்டமானது.

வாடகைராசா: கடையில் கல் சாயாது என்பதைக் குறித்துக்கொள்ளவும்.

தோசைக்கல்: சரி, ஆர்சி நகல் கேட்டிருக்கிறேன். தோசை சாய்ந்த கதையை மட்டும் அப்பாவிடம் சொல்லப் போவதில்லை.