பி.டி. கத்தரி: புழுவைக் கொல்லும் காய் நமக்குத் தீங்கு செய்யாதா?

வினா – வீட்டுத்தோட்டம்
2009 அக்டோபரில் மத்திய அரசின் மரபணுப் பொறியியல் ஒப்புதல் குழு, மரபணு மாற்றிய பி.டி. கத்தரிக்குப் பச்சைக்கொடி காட்டியது. அடுத்த பிப்ரவரியிலேயே அப்போதைய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் அதை நிறுத்திவைத்தார். காயைத் தின்னும் புழு செத்துப்போகுமென்றால், அதே காயைச் சமைத்துண்ணும் நமக்கு மட்டும் எப்படி ஒன்றும் ஆகாது? இத்தகைய உணவு ஏற்கெனவே நம் சமையலறைக்குள் வந்துவிட்டதா?

பதில் – பூச்சியியல் மாணவி
மண்ணில் வாழும் பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் (சுருக்கமாக பி.டி.) என்ற பாக்டீரியாவின் மரபணுவைக் கத்தரியில் சேர்த்திருக்கிறார்கள். அது உருவாக்கும் புரதம், புழுவின் காரத்தன்மை கொண்ட குடலில் செயல்படும் வடிவம் பெற்று, குடற்சுவரில் தனக்கென உள்ள ஏற்பிகளைப் பற்றிக்கொண்டு அதைத் துளைக்கிறது. நம் இரைப்பையிலோ அமிலம் இருக்கிறது. அந்த ஏற்பிகளும் நமக்கு இல்லை. இயற்கை வேளாண்மை செய்வோரும் இதே பாக்டீரியாவைத் தெளிப்பு மருந்தாகப் பயன்படுத்துகிறார்கள் என்பதை எதிர்ப்பாளர்கள் ஏனோ அதிகம் பேசுவதில்லை. இந்தியாவில் பி.டி. பருத்தி 2002 முதல் சாகுபடியில் இருப்பதால், பருத்திவிதை எண்ணெய் வழியாக அந்தப் பயிர் நம் சமையலறையை எட்டிவிட்டது. ஆனால் சுத்திகரித்த எண்ணெயில் புரதம் ஏறக்குறைய இருக்காது என்பதால், கத்தரிக்காயை முழுதாக உண்பதற்கு அதைச் சான்றாகக் காட்ட முடியாது.

பதில் – கரிசல்காட்டு விவசாயி
உண்ணலாமா என்பதைவிட, அது எத்தனை ஆண்டுகள் பலன் தரும் என்பதே என் கேள்வி. பருத்தியில் ஒரு புரதம் போதாதென்று 2006இல் இரண்டு புரதங்கள் கொண்ட விதை வந்தது. இளஞ்சிவப்புக் காய்ப்புழு இரண்டையும் தாங்கப் பழகிவிட்டது. புழுக்களிடையே இந்த எதிர்ப்புத்திறன் பரவாதிருக்க, பி.டி. அல்லாத செடிகளையும் ஓரத்தில் வளர்க்க வேண்டும்; அங்கே வளரும் பழகாத பூச்சிகள் பழகியவற்றோடு இணைசேர்வதால் எதிர்ப்புத்திறன் மட்டுப்படும். அதற்காகவே 450 கிராம் பி.டி. விதையுடன் 120 கிராம் சாதாரண விதையையும் சேர்த்துத் தந்தார்கள். புழு தின்பதற்கென்று நிலத்தை ஒதுக்க, சிறு விவசாயிக்கு மனம் வருமா? கத்தரியில் தண்டையும் காயையும் துளைக்கும் புழுவுக்காக மருந்தடித்து ஓய்ந்துபோகிறோம் என்பது உண்மைதான். அதற்காக, பருத்தியில் பட்டதை மறந்துவிட இயலாது.

பதில் – விதைப்பெட்டி
வங்கதேசத்தையும் பாருங்கள். அங்கே 2013இல் பி.டி. கத்தரிக்கு ஒப்புதல் கிடைத்தது. 2014 ஜனவரியில் இருபது விவசாயிகளுக்கு நாற்று வழங்கினார்கள். அவை கலப்பின விதைகளல்ல, அரசு ஆராய்ச்சி நிறுவனம் வெளியிட்ட ரகங்கள் என்பதால் விவசாயியே விதை எடுத்துக்கொள்ளலாம். இங்கும் கோவை வேளாண் பல்கலைக்கழகம் தமிழக ரகங்களில் அந்த மரபணுவைச் சேர்த்திருந்தது. ஆனால் கத்தரிக்கு நம் நாட்டில் எத்தனையோ நாட்டு ரகங்களும் காட்டு உறவினச் செடிகளும் இருக்கின்றன. மகரந்தம் வழியாக மரபணு அவற்றுக்குள் பரவுவதைப் பற்றிய கவலைக்கு வங்கதேச அனுபவம் மட்டுமே விடையாகாது. தடை நீங்குவதானால், விதை யார் கையில் இருக்கும், ஓரச்செடி விதியை யார் கண்காணிப்பார் என்ற இரண்டையும் முதலில் எழுத்தில் தர வேண்டும்.