ஹாலுசினோஜென் 'ட்விஸ்டட்' (1995): இதை எப்படிக் கேட்பது?

மாலைவெயில்:
கோவா கடற்கரை ஆட்டங்களோடு வளர்ந்த மின்னணு நடன இசையான கோவா டிரான்ஸின் உச்சம் என்று பலரும் சொல்வதால் ஹாலுசினோஜெனின் 'ட்விஸ்டட்' தொகுப்பை மூன்று முறை முழுவதுமாகக் கேட்டேன். முதலில் வரும் 'எல்எஸ்டி' உடனே பிடித்துப்போயிற்று. ஆனால் மற்றவை எல்லாம் எனக்கு ஒன்றுபோலவே ஒலிக்கின்றன. பாட்டு வரி கிடையாது, தாளமும் ஓய்வதில்லை. நான் எதைத் தவறவிடுகிறேன்?

சுருதிப்பெட்டி:
அந்தத் தாளத்தைத் தம்பூரா போல எண்ணிக்கொள்ளுங்கள். தம்பூராவைக் கேட்பதற்காக எவரும் கச்சேரிக்குப் போவதில்லை; ஆனால் அது நின்றால் கச்சேரியே நின்றுவிடும். காது அதில் நிலைகொண்டபின், அதன்மேல் சதுஸ்ர நடையில், அடிக்கு நான்காக ஓடும் சின்தசைசர் சுரங்களைப் பின்தொடருங்கள். சுரங்கள் பெரும்பாலும் மாறுவதில்லை. ஒலியின் சில பகுதிகளை வடிகட்டும் ஃபில்டர் மெல்லத் திறக்கவும் மூடவும், அதே சுரங்கள் முதலில் மங்கலாகவும், பிறகு கூர்மையாகவும், சில வேளைகளில் ஏதோ பேச முயல்வது போலவும் ஒலிக்கின்றன. ஹாலுசினோஜென் என்ற பெயரில் இசையமைக்கும் சைமன் போஸ்ஃபோர்டின் கைவண்ணம் இந்த இடத்தில்தான் இருக்கிறது. தனியாக இசையமைக்கும் முன் ஒலிப்பொறியாளராக வேலை பார்த்தவர் என்பது ஒவ்வொரு ஒலியின் செதுக்கலிலும் தெரிகிறது. கைபேசியின் சிறு ஒலிபெருக்கியில் கேட்டிருந்தால், பாதியைக் கேட்கவே இல்லை என்று பொருள்.

பழைய நாடா:
நீளத்துக்கும் காரணம் உண்டு. கோவாவின் அஞ்சுணா, வாகத்தோர் கடற்கரைகளில் விடிய விடிய நடந்த ஆட்டங்களில், வெயிலில் நெளிந்துவிடும் வினைல் தட்டுகளுக்குப் பதிலாக டாட் எனப்படும் டிஜிட்டல் ஒலிநாடாக்களையே டிஜேக்கள் பெரிதும் பயன்படுத்தினார்கள். அவற்றில் வேகத்தைக் கூட்டிக் குறைத்து இரு பாடல்களின் தாளத்தைப் பொருத்துவது எளிதன்று என்பதால், தாளமில்லாமல் தொடங்கித் தாளமில்லாமல் அடங்கும் நீண்ட அமைப்பு இந்த வகைக்கே பழக்கமாயிற்று. இத்தனைக்கும் 'ட்விஸ்டட்' இங்கிலாந்தில் உருவான தொகுப்பு; கில்லிங் ஜோக் குழுவின் பாஸ் கிட்டார் கலைஞரான யூத் தொடங்கிய டிராகன்ஃபிளை நிறுவனம் வெளியிட்டது.

தோடிரசிகன்:
கோவா டிரான்ஸில் அடிக்கடி வரும் பிரிஜியன் என்னும் மேற்கத்திய சுரவரிசையின் சுரங்களும் நம் ஹனுமத்தோடியின் சுரங்களும் ஒன்றே. அதற்காக இது தோடி ஆகிவிடாது; கமகம் இல்லாத தோடி வெறும் படிக்கட்டு. கீழேயுள்ள ரிஷபம் ஷட்ஜத்தை ஒட்டியே நிற்பதால் வரும் அந்த இறுக்கத்தை மட்டும் கவனியுங்கள். மற்றபடி சுருதிப்பெட்டி சொன்ன தம்பூரா ஒப்புமையில் எனக்கு முழு உடன்பாடு இல்லை. தம்பூரா யாரையும் ஆடவைப்பதில்லை.

மாலைவெயில்:
அனைவருக்கும் நன்றி. நேற்றிரவு நல்ல ஹெட்ஃபோனில் இதே தொகுப்பின் 'ஷமானிக்ஸ்' மட்டும் இருமுறை கேட்டேன். ஃபில்டர் திறப்பதும் மூடுவதும் இப்போது காதுக்குப் புலப்படுகின்றன. 'ஃப்ளூரோ நியூரோ ஸ்பாஞ்ச்' இன்னும் பிடிபடவில்லை.